ஜனவரி 7-ல் ஏழு கீரைக் கஞ்சி: ஜப்பான் பண்டிகைச் சாப்பாடும் பருவமும் ஒட்டுகிறதா?

கீரைக்கட்டு (சைதாமா), ஜனவரி 5

இந்தக் குழுவில் பல வருஷம் இங்கே இருப்பவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். நேற்று சாயந்திரம் காய்கறிக் கடையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கண்ணில் பட்டது. உள்ளே களை பிடுங்கினது மாதிரி கொஞ்சம் தழை, விரல் நீளத்தில் ஒரு முள்ளங்கி, கோலிக்குண்டு அளவில் ஒரு டர்னிப். மேலே "வசந்தத்தின் ஏழு கீரை" என்று எழுதியிருந்தது. ஜனவரி 7 காலையில் கஞ்சியில் போட்டுச் சாப்பிடுவார்களாம், பெயர் நனாகுசா-காயு.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வெளியே காலையில் குழாய்த் தண்ணீர் கையை வெட்டுகிறது. எங்கள் தெருவோரத்தில் ஒரு புல்கூடத் தலைதூக்கவில்லை. இதில் வசந்தம் எங்கே இருக்கிறது? டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பசுமைக்குடிலில் வளர்த்தது மாதிரிதான் தெரிகிறது. பருவத்தைக் கொண்டாடுகிறவர்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பண்டிகைச் சாப்பாடே பருவத்தோடு ஒட்டவில்லையே?

பழைய பஞ்சாங்கம் (கியோத்தோ), ஜனவரி 5

கீரை வரும் நாள் சரியாகத்தான் இருந்தது. மாறியது காலண்டர்.

1872 வரை ஜப்பானில் சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய காலண்டர். அதன்படி புத்தாண்டு ஏறக்குறைய நமது தை பாதியிலிருந்து மாசி தொடக்கத்துக்குள் வரும். அதிலிருந்து ஏழாம் நாள் என்றால் பெரும்பாலும் பிப்ரவரி. அப்போது வயல் வரப்பில் அந்த ஏழு கீரையில் வரும் செரியும் நசுனாவும் நிஜமாகவே துளிர்த்திருக்கும். மெய்ஜி அரசு மேற்கத்திய காலண்டருக்கு மாறியபோது, அந்த வருஷத்துப் பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் விடிந்தால் 1873 ஜனவரி 1. அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரணம் நாகரிகம் மட்டுமில்லை. பழைய கணக்கில் 1873-க்கு ஒரு அதிக மாதம் விழுந்தது, அதாவது அரசு ஊழியருக்குப் பதின்மூன்று சம்பளம். கஜானாவில் காசில்லை. காலண்டரை மாற்றியதில் அந்தப் பதின்மூன்றாவது சம்பளமும் மிச்சம், இரண்டு நாள் டிசம்பருக்கான சம்பளமும் மிச்சம்.

தேதியின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பண்டிகையைப் புதுக் காலண்டரில் ஒட்டினார்கள். விளைவை நீங்களே பாருங்கள். மார்ச் 3 பீச் மலர்ப் பண்டிகை. அன்றைக்கு தோக்கியோவில் பீச் பூக்காது, பூக்கடைக்காரர் சூடு காட்டிப் பூக்கவைத்த கிளையைத்தான் விற்பார். ஜூலை 7 தனபாதா, பால்வீதியின் இரண்டு கரையிலும் நிற்கும் காதலர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சந்திக்கும் நாள். அது சரியாக மழைக்காலத்துக்குள் போய் விழுந்தது, நட்சத்திரம் தெரிந்தால் அதிர்ஷ்டம். செண்டாய் ஊர்க்காரர்கள் மட்டும் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6, 7, 8 என்று வைத்துக்கொண்டார்கள். புத்தாண்டு வாழ்த்து அட்டையில் இன்றும் "வசந்தத்தை வரவேற்கிறோம்" என்றுதான் எழுதுவார்கள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

அவர்களால் நகர்த்த முடியாதது ஒன்றே ஒன்று, நிலா. இலையுதிர்கால நிலா பார்க்கும் நாளை இந்தத் தேதி என்று பிடித்துக் கட்ட முடியுமா? அதனால் அது மட்டும் இன்னும் பழைய கணக்கில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாளிலேயே நிற்கிறது. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும்.

வைகைக்கரை (மதுரை), ஜனவரி 5

நான் ஜப்பான் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, படிக்க மட்டும் வருவேன். நிலா என்றதும் ஒரு சந்தேகம். அங்கே நிலாவில் முயல் அரிசிமாவு இடிக்கிறதாமே? எங்கள் பாட்டி அங்கே வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே அடுப்படியா?

பழைய பஞ்சாங்கம் (கியோத்தோ), ஜனவரி 5

மாவு இல்லை, வேகவைத்த பசையரிசியை உரலில் போட்டு மோச்சியாக இடிக்கிறது. பாட்டி நம் ஊர்ச் சரக்கு. ஆனால் அந்த முயலுக்கும் இந்தியாவுக்கும் நிஜமாகவே உறவு உண்டு. பசியோடு வந்தவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன்னையே தீயில் போட்டுக்கொண்ட முயலின் புத்த ஜாதகக் கதைதான் இங்கே வந்து சேர்ந்தது. கொஞ்ஜாகு மோனோகதாரிஷூ என்ற பழைய ஜப்பானியக் கதைத் தொகுப்பில் அது இருக்கிறது. உலக்கையைக் கையில் கொடுத்தது மட்டும் கிழக்கே வந்த பிறகு.

மறுத்துப்பேசு (சென்னை, முன்பு ஒசாகாவில் ஆறு வருஷம்), ஜனவரி 6

காலண்டர் கதை சுவாரஸ்யம்தான். ஆனால் இன்றைக்கு ஜப்பான்காரரின் வருஷத்தை நடத்துவது பழைய காலண்டரும் இல்லை, புதுக் காலண்டரும் இல்லை. கடை அலமாரிதான். ஜனவரி 7 முடிந்ததும் கஞ்சி டப்பா போய்விடும், மறுநாளே பிப்ரவரிப் பண்டிகைக்கான ஒனி (பேய்) முகமூடியும் வறுத்த சோயாவும் வந்து உட்காரும்.

பிப்ரவரியில் சாப்பிடும் எஹோமாகியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷத்து அதிர்ஷ்டத் திசையைப் பார்த்து நின்று, ஒரு முழு சுஷி உருளையை வெட்டாமல், வாய் பேசாமல் தின்று முடிக்க வேண்டும். ஒசாகா பக்கத்து சுஷிக்காரர்களும் நோரி (சுஷி சுற்றும் கடற்பாசித் தாள்) வியாபாரிகளும் ஊதிப் பெருக்கிய வழக்கம் இது. 1989-ல் ஹிரோஷிமாவில் செவன் இலெவன் கடைகள் விற்க ஆரம்பித்து, 1998-ல் நாடு முழுக்கக் கொண்டுபோயின. அதற்கு முன் தோக்கியோக்காரர் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. மிஞ்சியதைக் குப்பையில் கொட்டிக் கொட்டி, கடைசியில் 2019-ல் வேளாண் அமைச்சகமே "தேவைக்கு ஏற்றபடி செய்யுங்கள்" என்று கடைகளைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கோழி வறுவல்? 1974-ல் கே.எஃப்.சி. நடத்திய விளம்பரம். கோடையில் விலாங்கு மீன்? கோடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிய கடைக்காரருக்கு ஹிராகா கென்னாய் என்ற எடோ காலத்து (1603-1868) அறிஞர் "இன்று எருது நாள்" (நாளுக்கு விலங்குப் பெயர் வைக்கும் பழைய கணக்கு) என்று பலகை எழுதிக் கொடுத்தார், கூட்டம் அள்ளியது என்று அவர்களே கதை சொல்வார்கள். இயற்கையில் விலாங்குக்குக் கொழுப்பு ஏறுவது குளிர் தொடங்கும் நேரத்தில். எந்தப் பருவத்தில் ருசி குறைவோ அந்தப் பருவத்தில் விற்றிருக்கிறார்கள். இன்றைக்கு 2014-லிருந்து அந்த மீன் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்ற சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

பருவம் பருவம் என்று உருகுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

யோகோஹாமா அக்கா, ஜனவரி 6

தம்பி, ஆறு வருஷம் இருந்தும் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறீர்களே!

வியாபாரி கிளப்பிவிட்டதெல்லாம் பொய் என்றால் சகுராமோச்சியை என்ன செய்வீர்கள்? 1717 வாக்கில் சுமிதா ஆற்றங்கரையில் செர்ரி மரம் நட்டார்கள். சோமேய்ஜி கோயில் காவலாளிக்கு விழுந்த இலையைப் பெருக்கி மாளவில்லை. இலையை உப்பில் ஊறப்போட்டு, உள்ளே அவரைப் பூரணம் வைத்த மெல்லிய தோசை மாதிரி ஒன்றை அதில் சுற்றி, கோயில் வாசலிலேயே விற்க ஆரம்பித்தார். அந்தக் கடை இன்னும் அங்கேயே இருக்கிறது. அவரும் வியாபாரிதான். ஆனால் கையில் எடுத்தது அந்த இடத்தில், அந்த மாதத்தில் கிடைத்த இலை. விலாங்குப் பலகைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

(ஒசாகா, கியோத்தோ பக்கத்து சகுராமோச்சி வேறு. குருணையாக உடைத்த பசையரிசியில் உருண்டையாகப் பிடிப்பார்கள். எது அசல் என்று இங்கே சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள், நான் இரண்டுக்கும் ஆள்.)

கடையில் விற்காத பருவமும் நிறைய உண்டு. என் எதிர்வீட்டு பாச்சான் (பாட்டி), எழுபத்தெட்டு வயசு, மார்ச் சமஇரவு வாரத்தில் கல்லறைக்குப் போய்க் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். அன்றைக்கு முன்னோருக்கு அரிசியுருண்டை மேல் அவரைப் பூரணம் பூசிப் படைப்பார். அதன் பெயர் போத்தாமோச்சி. செப்டம்பர் சமஇரவுக்கும் அதே உருண்டை, அதே தட்டு, பெயர் மட்டும் ஒஹாகி. வசந்தத்தில் பியோனிப் பூ பெயர், இலையுதிர்காலத்தில் ஹாகிப் பூ பெயர். நான் முதல் வருஷம் "இது போன தடவை கொடுத்ததுதானே" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஆகஸ்டில் இறந்த முன்னோரை வரவேற்கும் ஓபோன் பண்டிகைக்கு வெள்ளரிக்காயிலும் கத்திரிக்காயிலும் குச்சியால் நான்கு கால் குத்தி நிறுத்துவார். வெள்ளரி குதிரை, இறந்தவர்கள் வீட்டுக்கு வேகமாக வர. கத்திரி மாடு, திரும்பிப் போகும்போது மெதுவாகப் போக. அந்த மாதம் எந்தத் தோட்டத்திலும் இந்த இரண்டும் மலிந்து கிடக்கும்.

தயிர்சாதம்77 (நிஷிகாசாய்), ஜனவரி 6

சண்டைக்கு நடுவே ஒரு சைவக்காரியின் கேள்வி. வருஷப் பிறப்புக்கு அலுவலகத்துத் தோழி ஒருத்தி வீட்டுக்குக் கூப்பிட்டாள். அடுக்குப்பெட்டியில் ஒசேச்சி என்ற புத்தாண்டுச் சாப்பாடு. கருப்பு சோயா, தாமரைத் தண்டு, மீன் முட்டை, இறால். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் சொன்னாள். தாமரைத் தண்டில் ஓட்டை இருப்பதால் எதிர்காலம் தெரியுமாம், இறாலின் கூன் முதுகு நீண்ட ஆயுளாம். எனக்கு ஓட்டை மட்டும் போதும் என்று தாமரைத் தண்டை எடுத்துச் சாப்பிட்டேன். பிறகு பார்த்தால் அதையும் கட்சுவோ மீன் சாற்றில்தான் வேகவைத்தாளாம். பாவம், அவள் பத்து தடவை மன்னிப்புக் கேட்டாள்.

வருஷம் முழுக்க நம்பிச் சாப்பிடக்கூடியது எதுவுமே கிடையாதா?

யோகோஹாமா அக்கா, ஜனவரி 6

நிறைய இருக்கிறதும்மா. மோசம் செய்வது தாஷி என்கிற அந்தச் சாறுதான். சோபா நூடுல்ஸ் குழம்பு, காய் வேகவைத்தது, முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். கொம்பு கடற்பாசியும் காய்ந்த ஷியிதாகே காளானும் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டால் அதைவிட நல்ல சாறு இறங்கும். கோயில் சமையலே அப்படித்தான். டிசம்பர் 31 ராத்திரி சோபாவை அதில் செய்து பார்.

இனிப்புப் பக்கம் கவலையே வேண்டாம். பழைய பாணி ஜப்பானிய இனிப்பு என்றால் அவரை, அரிசி, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுத்த கந்தென். பாலும் நெய்யும்கூடக் கிடையாது. சகுராமோச்சி, மே 5-க்கு ஓக் இலையில் மடித்த காஷிவாமோச்சி (அந்த இலையைத் தின்னாதே, சகுரா இலையைத் தின்னலாம்), ஜூன் 30-ல் கியோத்தோக்காரர்கள் சாப்பிடும் மினாசுகி எல்லாம் உனக்கு ஆகும். ஜெலட்டின் இருக்கிறதா என்று மட்டும் பொட்டலத்தின் பின்னால் பார்த்துக்கொள்.

கீரைக் கஞ்சியும் சைவம்தான். அரிசி, கீரை, உப்பு.

பழைய பஞ்சாங்கம் (கியோத்தோ), ஜனவரி 6

அக்கா மினாசுகியைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போய்விட்டார், நான் விடமாட்டேன். முக்கோணமாக வெட்டிய வெள்ளைக் களி, மேலே சிவப்பு அவரை. அந்த முக்கோணம் பனிக்கட்டித் துண்டு. மலைக்குகையில் சேர்த்துவைத்த பனியைக் கோடையில் வாயில் போடுவது அரண்மனைக்காரருக்கு மட்டும் வாய்த்த காலம் அது. மற்றவர்கள் பனி மாதிரி ஒன்றைச் செய்து தின்றார்கள். இங்கே ஜூன் கடைசியில் உடம்பு பிசுபிசுவென்று கிடக்கும்போது அதைச் சில்லென்று வாயில் வைத்தால் புரியும்.

புத்தாண்டு மோச்சிச் சாறு ஸோனியிலும் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. தோக்கியோவில் சதுர மோச்சியைச் சுட்டுத் தெளிந்த சாற்றில் போடுவார்கள். எங்கள் ஊரில் வட்ட மோச்சி, வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), கொம்புச் சாறு. தயிர்சாதம், அடுத்த வருஷம் கியோத்தோ வாருங்கள். காகாவா பக்கம் உள்ளே இனிப்புப் பூரணம் வைத்த மோச்சியை மிசோவில் மிதக்கவிடுவார்கள். எனக்கு அதை ஒத்துக்கொள்ள நான்கு வருஷம் ஆனது.

ஒரு எச்சரிக்கை: மோச்சியைச் சின்னத் துண்டாக வெட்டி, மென்று விழுங்குங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கண்டிப்பாக. ஒவ்வொரு ஜனவரியும் தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறந்துபோகிறார்கள். தோக்கியோ தீயணைப்புத் துறை வருஷா வருஷம் இதைச் சொல்கிறது.

கீரைக்கட்டு (சைதாமா), ஜனவரி 7

செய்துவிட்டேன். அரை டம்ளர் அரிசி, ஐந்து டம்ளர் தண்ணீர், கிளறாமல் சின்னத் தீயில் நாற்பது நிமிஷம். முள்ளங்கியையும் டர்னிப்பையும் வில்லையாக நறுக்கிப் பாதியில் போட்டேன். தழைகளை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, பிழிந்து, பொடியாக அரிந்து, அடுப்பை அணைக்கும்போது சேர்த்தேன். செரிக்கு மல்லித்தழையின் சொந்தக்காரன் வாசனை. ஒரு சிட்டிகை உப்பு.

உண்மையைச் சொன்னால் காய்ச்சல்காரன் கஞ்சி. ஆனால் பத்து நாளாக விடுமுறைச் சாப்பாடு தின்ற வயிறு, அது கேட்டது இதைத்தான். என் மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "ஊறுகாய் இருக்கா?" என்றாள். மாவடு எடுத்துக் கொடுத்தேன். மரபு மீறல் என்றால் மன்னிக்கவும்.

மறுத்துப்பேசு (சென்னை), ஜனவரி 7

டப்பா என்ன விலை?

கீரைக்கட்டு (சைதாமா), ஜனவரி 7

நேற்றே வாங்கியிருந்தால் முழு விலை. இன்று காலை பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். சரி, உங்களுக்கு ஒரு புள்ளி.

தயிர்சாதம்77 (நிஷிகாசாய்), பிப்ரவரி 3

இன்று செட்சுபுன். மகனின் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ஒனி வேஷம் போட்டு வந்தாராம். "ஒனி வெளியே, பாக்கியம் உள்ளே" என்று கத்திக்கொண்டு சோயாவை வீசியிருக்கிறார்கள். வீட்டிலும் வீசினோம். வயசுக்கு எத்தனையோ அத்தனை பயறு தின்ன வேண்டும் என்றார்கள். எனக்கு நாற்பத்தெட்டு, பத்தொன்பதோடு தாடை வலிக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருந்து இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பஞ்சாங்கம் (கியோத்தோ), பிப்ரவரி 3

ஹொக்காய்தோக்காரர்கள் புத்திசாலிகள், தோலோடு வேர்க்கடலையை வீசுவார்கள். பொறுக்கவும் எளிது, உடைத்துத் தின்னவும் சுத்தம்.

இந்த நாள் வானத்துக் கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசந்தம் தொடங்கும் நாளுக்கு முதல் நாள்தான் செட்சுபுன். அதனால் 2021-ல் 124 வருஷம் கழித்து முதல்முறையாக பிப்ரவரி 2-ல் வந்தது. கடைக்காரர்கள் அந்த வருஷம் எல்லா அட்டையையும் மாற்றி அடிக்க வேண்டியதாயிற்று. மறுத்துப்பேசு, இது ஒரு தடவையாவது வானம் கடையை நடத்திய கதை.

மறுத்துப்பேசு (சென்னை), பிப்ரவரி 4

ஒப்புக்கொள்கிறேன். எஹோமாகி எத்தனை வாங்கினீர்கள்?

பழைய பஞ்சாங்கம் (கியோத்தோ), பிப்ரவரி 4

இரண்டு. பாதி விலை.

கீரைக்கட்டு (சைதாமா), ஜூன் 14

இழையைத் தூக்கி மேலே போடுகிறேன். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. கடை முழுக்க உமெ காய் (புளிப்பான ஜப்பானியப் பிளம்). இந்த மழைக்குப் பெயரே எழுத்தில் "உமெ மழை" என்பதால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி. வாகாயாமா உமெ இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். அக்கா, உப்பில் ஊறுகாய் போட வழி சொல்லுங்கள்.

யோகோஹாமா அக்கா, ஜூன் 14

நாட்டு உமெயில் பாதிக்கு மேல் வாகாயாமாவில்தான் விளைகிறது, நல்ல இடம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். பாச்சான் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

காய் பச்சையாக இருந்தால் இரண்டு மூன்று நாள் கூடத்தில் பரப்பி வை. குளிர்ப்பெட்டியில் வைத்துவிடாதே. மஞ்சளாகி, வீடு முழுக்க பீச் பழ வாசனை வரும்போது எடு. பச்சைக் காயை ஆசையில் கடித்துப் பார்க்காதே, அதில் விஷம் உண்டு. மூங்கில் குச்சி நுனியால் காம்புக்குழியில் இருக்கும் கருப்புப் பொட்டை நெம்பி எடு. தோல் கிழியக் கூடாது. கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் துடை. குழிக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை. ஜாடியைக் கடும் சாராயத்தால் துடைத்துவிடு.

உப்பு நூற்றுக்குப் பதினெட்டு. உன் இரண்டு கிலோவுக்கு 360 கிராம். "உப்பு அதிகம், உடம்புக்கு ஆகாது" என்று குறைத்தால் பூஞ்சை பிடித்து மொத்தமும் குப்பைக்குப் போகும், நான் முதல் வருஷம் அப்படித்தான் போக்கினேன். அடுக்கி, உப்புத் தூவி, மேலே பாரம் வை. மூன்று நாலு நாளில் தண்ணீர் விட்டு மேலேறும்.

அப்புறம் சிவப்பு ஷிசோ இலை கடைக்கு வரும். உப்புப் போட்டுக் கசக்கு, முதலில் ஊதாக் கழிவுத்தண்ணீர் வரும், பிழிந்து கொட்டு. இரண்டு தடவை. பிறகு அந்தப் பிழிந்த இலை மேல் ஜாடியில் ஊறிய உமெத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்று. கருத்துக் கிடந்த இலை பளீரென்று செம்பருத்தி நிறத்துக்குத் திரும்பும். பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன், அந்த ஒரு நொடிக்காக இன்னும் யாரையாவது பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வேன்.

மழை ஓய்ந்ததும் ஜூலை கடைசி வெயிலில் மூன்று நாள் காயவை.

வைகைக்கரை (மதுரை), ஜூன் 15

இது அப்படியே எங்கள் நாரத்தங்காய்! உப்பு, ஜாடி, வெயில், ஈரக்கை பட்டால் திட்டு.

கீரைக்கட்டு (சைதாமா), ஜூலை 2

நிறம் மாறிவிட்டது. மகளையும் மனைவியையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். மகள் மறுபடி ஊற்றச் சொன்னாள்.

மறுத்துப்பேசு (சென்னை), ஜூலை 3

இதைக் கடையில் வாங்க முடியாதா என்று கேட்க வந்தேன். வேண்டாம், விடுங்கள். எனக்கு இரண்டு எடுத்து வையுங்கள், நவம்பரில் வருகிறேன்.

கீரைக்கட்டு (சைதாமா), ஜூலை 27

இரண்டாம் நாள். நேற்று மூங்கில் தட்டில் பரப்பினேன், வெயில் கொளுத்தியது, தோல் சுருங்கி மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மத்தியானம் திருப்பிவிட்டேன். இன்று நான் அலுவலகத்தில் இருக்கிறேன். மேற்கே கருமேகம். கைப்பேசியில் இடிமழை எச்சரிக்கை வந்துவிட்டது. வீட்டில் யாருமில்லை. தட்டு மாடி முகப்பில் திறந்து கிடக்கிறது.

யோகோஹாமா அக்கா, ஜூலை 27

இங்கே எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறாய்? பக்கத்து வீட்டுக்கு போன் போடு!

கீரைக்கட்டு (சைதாமா), ஜூலை 27

போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவி இருக்கிறது. உள்ளே எடுத்து வைத்துவிட்டாராம், அவர் தட்டையும் சேர்த்துத்தான் எடுத்தாராம். பதினொரு காய் நனைந்துவிட்டது.

யோகோஹாமா அக்கா, ஜூலை 27

நனைந்ததைத் தனியாக எடு. உமெத் தண்ணீரில் ஒரு தடவை கழுவி, நாளைக்கு மறுபடி காயவை. மற்றதோடு கலக்காதே. முதலில் தின்ன வேண்டியது அந்தப் பதினொன்றுதான்.